மூன்று மூன்றாக வாங்கிய வாசகர்

தன் ஆய்வேடு முப்பத்துமூன்று பிரதிகள் விற்றிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதும் அரை டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிச் சமாளித்தான்.

அவன் சிரித்ததில் நியாயம் இருந்தது. முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கிடந்தவன். கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி, கைடு மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஏழாவது வருடம் பட்டமில்லாமல் வெளியே வந்தவன். அரை டாக்டர் என்ற பெயர் அப்போது ஒட்டியது. ஆய்வேட்டை எழுதியவனே இரண்டாவது முறை படிப்பதில்லை என்பது அவன் ஆறு வருடத்தில் கண்டுபிடித்த ஒரே உண்மை. இப்போது நாற்பது வயதில் ஒரு துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளன். நிறுவனம் என்றால் மொத்தம் இரண்டு பேர்.

இன்னொருவர் அவனுடைய முதலாளி. இருபது வருடம் பதிப்பகத்தில் அச்சுப்பிழை திருத்தியவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் ஊருக்கு அவர் கண்ணாடியம்மா. அவனுக்கு மட்டும் பாஸ். எதையும் இரண்டு முறை படிப்பார். மனிதர்களையும் அப்படித்தான்.

வந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் குடிநீர்க் குழாய் வழியாக ஈயம் எப்படித் தண்ணீரில் கலக்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். ஒரே கட்டடத்தில் நாற்பது வீடுகளில் தினமும் விடியற்காலை கதவைத் தட்டி, அன்றைய முதல் தண்ணீரைப் பிடித்து வந்தவள். அந்தக் கட்டடத்து மக்கள் அவளைத் தண்ணி டாக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"அந்தப் பேரை யாரும் தப்பா எடுத்துக்கலையா?" என்றான் அரை டாக்டர்.

"எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேர் கிளாஸோட வந்தாங்க."

கண்ணாடியம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "என்ன வேணும், சொல்லுங்க."

"பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆச்சு மேடம். போன மாசம் என் சித்தி பையன் போன் பண்ணினான். என் தீசிஸ் புத்தகமா இணையத்துல விக்குதுன்னான். அட்டையில குழாய் படம் எல்லாம் போட்டு. நான் யாருக்கும் அனுமதி கொடுக்கல. கோபமா அச்சகத்துக்குப் பேசினேன். முப்பத்துமூணு பிரதி வித்திருக்குன்னு அந்த ஆள் சொன்னார்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதுக்கப்புறம் கோபம் போயிடுச்சு. சொல்ல வெக்கமா இருக்கு. சந்தோஷமா இருந்துச்சு."

"யார் வாங்கினாங்களாம்?"

"அதான் மேடம் ஆச்சரியம். எல்லாம் ஒரே ஆள். பேர் போடுற இடத்துல 'ஒரு வாசகர்'னு போட்டிருக்காராம். அவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஒரு நன்றி சொல்லணும்."

அரை டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை.

"தீசிஸ் எல்லாம் பல்கலைக்கழக வெப்சைட்ல ஓசியில கிடைக்குமே?" என்றார் கண்ணாடியம்மா. "அவர் எதுக்கு வாங்கணும்?"

"என்னோடது மட்டும் கிடைக்கல மேடம். அஞ்சு வருஷத்துக்குப் பூட்டு." அவள் குரல் இறங்கியது. "அதுலதான் எனக்குக் கெட்ட பேர். யார் வேணா வெப்சைட்ல பாக்கலாம், இதைக் காட்டிக் குழாயை மாத்தச் சொல்லிக் கேளுங்கன்னு அந்தக் கட்டடத்துக்காரங்ககிட்டச் சொல்லியிருந்தேன். அவங்க போய்ப் பாத்தா அங்க பூட்டு, கடையில விலை. எங்க வீட்டுத் தண்ணியை வித்துட்டியான்னு கேக்கறாங்க. என்கிட்ட இருந்த பிரதியைக் கொடுத்தேன். வீட்டுல அடிச்ச பேப்பர் செல்லாது, பல்கலைக்கழக வெப்சைட்ல இருந்தா காட்டுன்னு கட்டட ஓனர் சொல்லிட்டார்."

"பூட்டினது யாருன்னு கேட்டீங்களா?"

அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். ஆய்வேட்டை எப்படி வெளியிட வேண்டும் என்று மாணவரே எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கப் படிவம். "கையெழுத்து என்னோடதுதான். ஒப்படைச்ச அன்னைக்கு எங்க கைடு பதினேழு பேப்பரை வெச்சு, போட்டுட்டுப் போம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்னார். போட்டேன். நிரப்பினது ஆபீஸ்ல யாராவது இருக்கும்."

கண்ணாடியம்மா படிவத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். முதல் கட்டம்: 'ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம்' என்பதில் குறி. காரணம் என்ற இடத்தில், 'நூலாக வெளிவர இருப்பதால்'. இரண்டாவது கட்டம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. அவர் சத்தமாகவே வாசித்தார்.

"'வணிக விநியோகத்தை மறுப்பவர்கள் மட்டும் இங்கே குறியிடவும். குறியிடாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படுவர். பின்னர் நிறுத்த விரும்பினால் ஆய்வாளரே நேரில் கையெழுத்திட வேண்டும்.' குறி இல்ல."

"அதாவது," என்றான் அரை டாக்டர், "வாயைத் திறக்காம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி. நல்ல விதி. யார் போட்டது?"

"எங்க கைடுதான். அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர்," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

கண்ணாடியம்மா 'நூலாக வெளிவர இருப்பதால்' என்ற வரியை மறுபடி ஒருமுறை படித்தார். படிவத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அச்சகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. ஒரு அறை, ஒரு இயந்திரம், ஒரு மனிதர். மறுப்புக் கட்டத்தில் குறியிடாத ஆய்வேடுகளையெல்லாம் பல்கலைக்கழகம் ஒப்பந்தப்படி அவருக்கு அனுப்பிவிடும். நாலாயிரம் ஆய்வேடுகள் அவருடைய கணினிக்குள் கிடந்தன. புத்தகம் என்று பார்த்தால் அறையில் ஒன்றுகூட இல்லை.

"ஸ்டாக் எங்கே?" என்றான் அரை டாக்டர்.

"ஸ்டாக்கே கிடையாது சார். ஆர்டர் வந்தா அடிப்போம்."

"வெப்சைட்ல மூணு பிரதிதான் மீதின்னு போட்டிருக்கீங்க?"

"அது எல்லாப் புத்தகத்துக்கும் அப்படித்தான். ஆறு வருஷமா மூணுதான். ஜனங்க அவசரப்படணும்ல."

"பட்டாங்களா?"

அச்சகக்காரர் நேர்மையான மனிதர். "இல்ல. இந்தக் குழாய் புத்தகம் ஒண்ணுதான் போணியாகுது."

வாடிக்கையாளர் விவரம் கொடுக்க முடியாது என்று அவர் கறாராகச் சொன்னார். கண்ணாடியம்மா அதைக் கேட்கவே இல்லை. எத்தனை ஆர்டர், எத்தனை எத்தனை என்று மட்டும் கேட்டார். அச்சகக்காரர் திரையைப் பார்த்துச் சொன்னார். ஒரு மாதத்தில் பதினொரு ஆர்டர். ஒவ்வொன்றிலும் மூன்று.

"எப்பவும் மூணா? ஒரு தடவைகூட ரெண்டோ நாலோ இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரு உதவி. இந்தப் புத்தகத்துக்கு மட்டும் மூணை அழிச்சிட்டு ஐம்பதுன்னு போடுங்க."

அச்சகக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஐம்பது மீதி இருக்குன்னா எவன் அவசரப்படுவான்?"

"ஒருத்தர் படுவார்."

அவர்கள் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது அச்சகக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஆர்டர் வந்திருந்தது. ஐம்பது. பெயர், ஒரு வாசகர். பிரதிகளை இதுவரை அனுப்பிய இடத்துக்கே அனுப்ப வேண்டும்: பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஸ்டேஷனரி கடைக்கு, நேரில் வந்து எடுத்துக்கொள்வதாக. மலைப்பில் தன்னுடைய ரகசியக் கொள்கையை அச்சகக்காரர் மறந்தே போனார்.

படியிறங்கும்போதுதான் அரை டாக்டருக்கு முழுவதும் உறைத்தது.

"பாஸ், அந்த ஆள் படிக்க வாங்கல. தீர்த்துக்கட்ட வாங்கறான். மூணு வாங்கினா தீந்துடும்னு நினைச்சு, மறுபடி போய்ப் பாத்து, மறுபடி மூணு இருக்கேன்னு வாங்கி... பதினொரு தடவை. ஊத்துத் தண்ணியை இறைச்சே வத்த வெச்சிடலாம்னு பாத்திருக்கான்."

"பதினொரு தடவையும் சந்தேகம் வரல பாரு. பெரிய படிப்பு படிச்ச ஆளாத்தான் இருக்கணும்."

"அந்தம்மாகிட்ட என்ன சொல்றது?"

"இன்னும் ஒண்ணும் தெரியலையே, சொல்றதுக்கு."

அவனுக்கு அது பிடிக்கவில்லை. நன்றி சொல்லணும் என்றபோது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்பது அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், தன்னுடைய அரைகுறை ஆய்வேட்டை யாராவது ஒருவர் கேட்டு வாங்கிப் படித்திருந்தால் தனக்கும் அந்த முகம்தான் வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, மூன்று பேரும் ஸ்டேஷனரி கடை எதிரில் நின்றார்கள். தண்ணி டாக்டர் வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட உடையில் வந்திருந்தாள்.

பத்தரைக்கு ஒரு ஆள் தள்ளுவண்டியோடு வந்தான். இரண்டு அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் திரும்பினான்.

"அவர் எங்க டிபார்ட்மெண்ட் அட்டெண்டர் ஆச்சே," என்றாள் அவள்.

பின்னாலேயே போனார்கள். வண்டியின் ஒரு சக்கரம் வழியெல்லாம் கிறீச்சிட்டதால் தொலைத்துவிடும் பயம் இல்லை. துறைக் கட்டடத்தின் நீள நடைவழி முழுக்க ஒரே சுவரொட்டி. கன்னத்தில் கைவைத்த ஒரு பெரியவர் ஓர் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே 'தண்ணீரும் நானும்'. கீழே 'நூல் வெளியீட்டு விழா, நாளை மாலை, சிறிய அரங்கம்'. அரை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். கண்ணாடியம்மா ஒரே ஒரு சுவரொட்டியின் முன் நின்று இரண்டு முறை படித்தார்.

வண்டி நின்ற கதவின் மேல் துறைத்தலைவர் என்று பலகை இருந்தது. சுவரொட்டியில் கன்னத்தில் கைவைத்திருந்தவரின் அறை.

தண்ணி டாக்டரின் கண் கலங்கிவிட்டது. "எங்க சாரா? சாரா என் தீசிஸை வாங்கினார்? கைடு சார்தான் மேடம்." கண்ணாடியம்மா தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேராசிரியர் ஒரு கணம்தான் தடுமாறினார். மேசையோரம் பெட்டிகள், வாசலில் மாணவி, அவளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர். அடுத்த கணம் முகத்தில் தகப்பன் களை வந்துவிட்டது. முப்பது வருட அனுபவம்.

"வாம்மா. கடைசியில கண்டுபிடிச்சிட்டியா?" என்றார். "என் மாணவி எழுதினது. நாலு பேர் கைக்குப் போகட்டும்னு வாங்கி வெக்கறேன். சொன்னா உனக்குக் கர்வம் வந்துடும்னுதான் பேர் போடல."

"சார்..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரை டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியம்மா நிதானமாகச் சுவரோர அலமாரியைத் திறந்தார். பூட்டவில்லை. துறைத்தலைவர் அலமாரியைத் திறக்கும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லாததால் பூட்ட வேண்டிய தேவையும் வந்ததில்லை. உள்ளே முப்பத்துமூன்று புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"நாலு பேர் கைக்குப் போகணும்னு வாங்கினது," என்றார் கண்ணாடியம்மா, "ஒருத்தர் கைக்கும் போகலையே."

"நீங்க யாரு?"

"நான் பிழை திருத்தறவ." அவர் மேசையில் கிடந்த 'தண்ணீரும் நானும்' பிரதி ஒன்றை எடுத்தார். பேராசிரியரின் கை பாதி வரை நீண்டு அப்படியே நின்றது. கண்ணாடியம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தித் தண்ணி டாக்டரிடம் நீட்டினார். "வாசிங்க."

அவள் வாசித்தாள். முதல் வரி சத்தமாக வந்தது. "'விடியற்காலைகளில் நான் நாற்பது வீடுகளின் கதவைத் தட்டினேன்...'" இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. அட்டவணையைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு அட்டவணை. நாற்பது வீடு, அதே எண்கள், அதே தேதிகள்.

"சார், நீங்க அந்தக் கட்டடத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லையே. லிஃப்ட் இல்லன்னு சொன்னதும் வேண்டாம்னுட்டீங்களே."

"அது... கைடுங்கறவன் ஒரு ஆய்வுக்குப் பாதி சொந்தக்காரன்மா. உனக்கு இதெல்லாம் புரியாது. உன் பேரும் முன்னுரையில இருக்கு, பாரு."

அவள் முன்னுரையைத் தேடினாள். இருந்தது. கடைசிப் பத்தியில், கடைசி வரியில், ஓட்டுநருக்கு அடுத்தபடியாக. 'தட்டச்சுக்கு உதவிய மாணவிக்கும் நன்றி.' பெயர்கூட இல்லை.

தள்ளுவண்டிக்காரன் சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

கண்ணாடியம்மா படிவத்தை மேசையில் வைத்தார். "இதுல ஒரு வரி எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. 'நூலாக வெளிவர இருப்பதால்.' இவங்க புத்தகம் போடற யோசனையிலேயே இல்ல. அப்போ யாரோட நூல்? இதை நிரப்பினவர் எல்லாத்தையும் மறைச்சிட்டு அந்த ஒரு இடத்துல மட்டும் உண்மையை எழுதிட்டார். உங்க நூல் வர்ற வரைக்கும் இவங்க தீசிஸ் யார் கண்ணுலயும் படக்கூடாது. அதுக்குத்தான் பூட்டு."

"அது வெறும் யூகம்."

"இருக்கட்டும். பூட்டினீங்க, சரி. ரெண்டாவது கட்டத்துல ஒரு கோடு போட்டிருந்தா கடைக்கும் போயிருக்காது. ஏன் போடல?"

பேராசிரியர் படிவத்தைப் பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கிறார் என்பது அரை டாக்டருக்குத் தெரிந்தது. கண் இரண்டு வரி ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது.

"அவர் படிக்கல பாஸ்," என்றான். "அவர் எழுதின விதியை அவரே படிக்கல. மாணவங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு நம்பி எறும்பு சைஸ்ல போட்டார். எறும்பு அவரையே கடிச்சிடுச்சு."

"அதுக்கப்புறமாவது அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தியிருக்கலாம்," என்றார் கண்ணாடியம்மா. "முடியாது. நிறுத்தணும்னா இவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு அவங்க சொல்லியிருப்பாங்க. அதுவும் உங்க விதிதான். அதனால மூணு மூணா வாங்கித் தீத்துடலாம்னு இறங்கிட்டீங்க. சார், அந்த அச்சகத்துல ஸ்டாக்கே கிடையாது. நீங்க வாங்க வாங்கத்தான் அவர் அடிக்கவே செய்யறார். உலகத்துல இந்தப் புத்தகம் எண்பத்துமூணு இருக்குன்னா, அத்தனையும் நீங்க அடிக்க வெச்சது."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். தகப்பன் களை போய்விட்டது. அதற்குக் கீழே இருந்தது வெறும் எரிச்சல் என்பதைக் கண்டு அரை டாக்டருக்கு அருவருப்பாக இருந்தது. வெட்கத்தின் நிழல்கூட இல்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

கண்ணாடியம்மா தண்ணி டாக்டரைப் பார்த்தார். அவள் 'தண்ணீரும் நானும்' புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"பூட்டை எடுங்க சார். இன்னைக்கே."

"அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கும்மா. குழு கூடணும், தீர்மானம் போடணும், ஆறு மாசம்..."

"நாளைக்கு அந்தச் சிறிய அரங்கத்துல எத்தனை நாற்காலி சார்?" என்றான் அரை டாக்டர்.

"என்ன?"

"எண்பதுதான். நான் இங்க படிச்ச காலத்துல தூக்கிப் போட்டிருக்கேன். உங்ககிட்ட எண்பத்துமூணு புத்தகம் இருக்கு. இவங்க தீசிஸ்தான், உறைகூடப் பிரிக்காம. நாற்காலிக்கு ஒண்ணு வெச்சாலும் மூணு மிஞ்சும்."

பேராசிரியர் பேனாவைத் தேடினார். பூட்டை நீக்கும்படி நூலகத்துக்கு ஒரு வரிக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே அவளும் போட்டாள். இந்த முறை மூன்று தடவை படித்துவிட்டுப் போட்டாள்.

"அப்போ நாளைக்கு விழா...?" என்றார் பேராசிரியர்.

"தாராளமா நடத்துங்க," என்றார் கண்ணாடியம்மா. "நாற்காலியை நாங்க தொட மாட்டோம்."

வெளியே வந்ததும் தண்ணி டாக்டர் நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒருத்தர்கூடப் படிக்கல," என்றாள். "முப்பத்துமூணுல ஒண்ணுகூட."

அரை டாக்டருக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவளுடைய பையை வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஆய்வேடு வெப்சைட்டில் திறந்தது. ஏழு மணிக்கெல்லாம் சுவரொட்டிகளின் மேல், தவிர்க்க இயலாத காரணங்களால் விழா ஒத்திவைக்கப்பட்டதாகத் துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த வாரம் அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள். அதை விசாரிக்க ஒரு குழு போடலாம் என்று முடிவாகி, தலைவர் பதவிக்கு வழக்கப்படி முதலில் பேராசிரியர் பெயரையே எழுதிவிட்டார்களாம். பிறகு யாரோ புகாரைப் படித்துப் பார்த்து அடித்தார்கள். அவர் இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

ஆய்வேடு திறந்த மறுநாளே தண்ணி டாக்டர் அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாள். பல்கலைக்கழக முத்திரையோடு இறக்கிய பிரதியை அரை டாக்டர் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினான். நாலாம் மாடியில் கதவைத் திறந்த அம்மாள் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. பிரதியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் நிலையில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். ஒவ்வொரு வரியாக விரல் நகர்ந்தது. எதிர்வீட்டு அடுப்பில் எதுவோ கொதித்து அடங்கியது.

கடைசியில் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது தப்பு," என்றார் அந்த அம்மாள். "எங்க பதினேழாம் நம்பர் வீட்ல நீ தண்ணி பிடிச்சது சமையலறைக் குழாய்ல இல்ல. அது அப்போ ரிப்பேர். பாத்ரூம்ல பிடிச்சே. நான்தான் பக்கெட்டை நகத்தி வெச்சேன்."

தண்ணி டாக்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அரை டாக்டருக்குப் பிடிபடவில்லை.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள். "சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."